வெள்ளைக்காரன் போட்ட சட்டமும் நாம நடத்துற ஆபீஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரூப் 1, குரூப் 2-வுக்கு படிக்கிற பசங்க, பட்டா விஷயமா தாலுகா ஆபீஸுக்கு நடையா நடக்கிறவங்க, சும்மா ஆர்வத்துல கேக்கிறவங்கன்னு எல்லாரும் சுத்திச் சுத்தி இதே கேள்விங்களத்தான் கேக்கறாங்க. முடிஞ்ச வரைக்கும் பழைய மெட்ராஸ் மாகாணத்து உதாரணமாவே எடுத்திருக்கேன், ஏன்னா வெள்ளைக்காரன் ஆட்சி இந்தியா முழுக்க ஒரே மாதிரி நடக்கல, வங்காளத்துல போட்ட கணக்கு வேற, இங்க போட்ட கணக்கு வேற.

வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடி இங்க சட்டம், நிர்வாகம்னு ஒண்ணுமே இல்லயா?

இல்லாம என்ன. உத்திரமேரூர் கோயில் சுவத்துல பராந்தக சோழன் காலத்து கல்வெட்டு இருக்கு, 10-ம் நூற்றாண்டு. ஊர் வாரியத்துக்கு யார் நிக்கலாம், யார் நிக்கக்கூடாது, கணக்கு காட்டாதவன் மட்டுமில்ல அவன் சொந்தக்காரனும் நிக்கக்கூடாதுன்னு அத்தனை கறாரா வெட்டி வெச்சிருக்காங்க. (அது பிராமண ஊர்ல நிலம் உள்ளவங்களுக்கான முறை, அதை ஏதோ இன்னைக்கு இருக்கிற ஜனநாயகம் மாதிரி மேடையில பேசறது கொஞ்சம் ஓவர்.) அப்புறம் நாயக்கர், மராட்டியர், ஆற்காட்டு நவாப்னு ஒவ்வொருத்தர் காலத்துலயும் வரி வசூல் பண்ற ஆள், கணக்கு எழுதற ஆள், காவல் காக்கற ஆள்னு ஒரு ஏற்பாடு இருந்துட்டேதான் இருந்துச்சு.

இல்லாதது எதுன்னா, ஊருக்கு ஊர் சாதிக்கு சாதி வழக்கம் மாறாம, ஒரே புத்தகத்துல அச்சடிச்ச, எல்லா ஜில்லாவுக்கும் ஒண்ணா போற சட்டம். அதைத்தான் அவன் கொண்டு வந்தான். அதுவும் நம்ம மேல இருக்கிற பாசத்துல இல்ல, நிலவரி ஒழுங்கா வரணும், கலவரம் வரக்கூடாதுங்கறதுக்காக. இந்த ரெண்டையும் மனசுல வெச்சுட்டு கீழ இருக்கிறத படிச்சா பாதி விஷயம் தானா புரியும்.

வியாபாரம் பண்ண வந்த கம்பெனி எப்படி கோர்ட்டு கட்டி உக்காந்துச்சு?

ஒரே நாள்ல நடக்கல. 1639-ல மெட்ராஸ்ல இடம் வாங்குனான், 1688-லயே இங்க ஒரு கார்ப்பரேஷன் வந்துடுச்சு (இந்தியாவுலயே பழைய மாநகராட்சி நம்மதுதான்), அப்ப அதெல்லாம் கோட்டையும் அதைச் சுத்தி இருந்த ஊரும் மட்டும். 1765-ல வங்காளத்துல முகலாய பாதுஷாகிட்ட வரி வசூல் உரிமைய வாங்குனதுதான் பெரிய திருப்பம், கம்பெனி அன்னைக்கே பாதி அரசாங்கம் ஆயிடுச்சு. லண்டன் பார்லிமென்ட் 1773-ல ஒரு சட்டம் போட்டு கம்பெனிக்கு கடிவாளம் போட ஆரம்பிச்சுது, கல்கத்தாவுல சுப்ரீம் கோர்ட்டு வந்துச்சு.

நம்ம பக்கம் முக்கியமான வருஷம் 1801. அந்த வருஷம்தான் கர்நாடக நவாப்கிட்ட இருந்து ஆட்சிய மொத்தமா எழுதி வாங்குனான், அதே வருஷம்தான் பாளையக்காரங்களை ஒடுக்கி மருது சகோதரர்களை திருப்பத்தூர்ல தூக்குல போட்டான், அதே வருஷம்தான் மெட்ராஸ்ல சுப்ரீம் கோர்ட்டும் திறந்தான். 1857 கலகத்துக்கு அப்புறம் 1858-ல கம்பெனிய ஓரங்கட்டிட்டு ராணி பேர்ல நேரடி ஆட்சி.

ஒரு கலெக்டர்கிட்ட ஏன் இவ்ளோ அதிகாரம்? வெள்ளத்துக்கும் அவர்தான், எலெக்‌ஷனுக்கும் அவர்தான், பட்டாவுக்கும் அவர்தான்.

ஏன்னா ஆரம்பத்துல அந்த ஜில்லாவுல அரசாங்கம்னா அந்த ஒரு ஆள் மட்டும்தான். 1772-ல வங்காள கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்துல வங்காளத்துல வரி வசூல் பண்ண உருவாக்குன பதவி அது. மெட்ராஸ்ல தாமஸ் மன்றோங்கற கம்பெனி அதிகாரி ஒரு படி மேல போனார். 1816-ல வந்த ரெகுலேஷன்கள்ல ஜில்லா ஜட்ஜுகிட்ட இருந்த மாஜிஸ்ட்ரேட் வேலையையும் போலீஸையும் எடுத்து கலெக்டர்கிட்டயே குடுத்துட்டாங்க. வரி கேக்கறவனும் அவன்தான், வரி கட்டலைன்னா பிடிக்கறவனும் அவன்தான், விசாரிக்கறவனும் அவன்தான். மன்றோ சொன்ன காரணம் என்னன்னா, குடியானவனுக்கு நாலு ஆபீஸ் அலையத் தெரியாது, ஒரே அதிகாரி இருந்தா போதும்னு. இதோட விளைவு என்னன்னு கீழ போலீஸ் கேள்வில சொல்றேன்.

இன்னைக்கு ஜட்ஜு வேலை கலெக்டர்கிட்ட இல்ல, அரசியலமைப்பு 50-வது பிரிவு நிர்வாகத்தையும் நீதித்துறையையும் பிரிக்கச் சொல்லுது. ஆனாலும் ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்), தாசில்தார் எல்லாம் நிர்வாக மாஜிஸ்ட்ரேட்டா இன்னும் இருக்காங்க. திருவிழா தகராறுன்னு பீஸ் கமிட்டி போடறது, பொது அமைதி கெடாம இருக்க 144 போடறது எல்லாம் அந்தப் பழைய அதிகாரத்தோட மிச்சம்தான். 144-க்கு இப்ப புது சட்டத்துல 163-னு நம்பர் மாறிடுச்சு, ஆனா டீக்கடையில யாரும் 163 தடைனு சொல்லி நான் கேட்டதில்ல.

பட்டா, சிட்டா, அடங்கல், பசலி, ஜமாபந்தி எல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதா?

இல்ல, இதுல நிறைய பேர் ஏமாறுறாங்க. தாசில்தார், தாலுகா, ஜமாபந்தி, பசலி எல்லாம் முகலாயர், மராட்டியர் காலத்துல இருந்தே வர்ற ஏற்பாடு. பசலிங்கற வருவாய் ஆண்டு கணக்கு அக்பர் காலத்து விஷயம், ஜமாபந்தினா வருஷா வருஷம் கிராமக் கணக்கை சரிபாக்கறது. இப்பவும் வருவாய்த்துறை வருஷம் ஜூலை 1-ல ஆரம்பிச்சு ஜூன் 30-ல முடியுது, 2024 ஜூலைல ஆரம்பிச்சது 1434-வது பசலி. எந்த வயல்ல என்ன பயிர்னு எழுதற அடங்கல் நோட்டுல இன்னும் அந்த நம்பர்தான் போடறாங்க.

வெள்ளைக்காரன் பண்ணது வேற. சங்கிலி பிடிச்சு ஒவ்வொரு வயலையும் அளந்து, நம்பர் குடுத்து, கல்லு நட்டு, இந்த சர்வே நம்பருக்கு இவ்ளோ தீர்வை, அதாவது நிலவரின்னு ரிஜிஸ்டர்ல எழுதி வெச்சான். இருந்த ஆளுங்களையும் இருந்த பேருங்களையும் அப்படியே வெச்சுக்கிட்டு, அவங்க எழுதற காகிதத்தை மட்டும் தனக்கு புரியற மாதிரி மாத்துனான். அதான் அவன் கெட்டிக்காரத்தனம். கிராமத்துல பரம்பரையா இருந்த கர்ணம் (கணக்கு எழுதறவர்), மணியக்காரர் (வரி வசூல் பண்றவர்) பதவியக்கூட அவன் ஒழிக்கல. அதை ஒழிச்சது 1980-ல எம்ஜிஆர் அரசு, ஒரு அவசரச் சட்டம் போட்டு, அதுக்கப்புறம்தான் பரீட்சை எழுதி வர்ற விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) வந்தாங்க. அதாவது வெள்ளைக்காரன் போயி 33 வருஷம் கழிச்சு.

ரயத்வாரி, ஜமீன்தாரினு பாடப் புத்தகத்துல வருதே, நடைமுறையில என்ன வித்தியாசம்?

வங்காளத்துல 1793-ல கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் ஜமீன்தாருங்களோட நிரந்தரமா ஒரு தொகை பேசிட்டார், அதுக்கு கீழ இருக்கிற விவசாயி ஜமீன்தார் பாடு. மெட்ராஸ்லயும் 1802-ல அதையே பல இடத்துல கொண்டு வந்தாங்க, சிவகங்கை, ராமநாதபுரம் எல்லாம் ஜமீன் ஆச்சு.

ஆனா அதுக்கு முன்னாடியே 1792-ல திப்பு சுல்தான்கிட்ட இருந்து பாரமகால் பகுதி (இன்னைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கம்) கைக்கு வந்தப்போ, கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியா இருந்த மன்றோவும் நடுவுல ஆளே இல்லாம நேரா குடியானவன்கூடவே கணக்கு வெச்சுக்கற முறைய ஆரம்பிச்சாங்க. அதுதான் ரயத்வாரி, குடியானவன் பேர்லயே பட்டா. மன்றோ 1820-ல மெட்ராஸ் கவர்னர் ஆனதும் அதுவே மாகாணத்துல பெரும்பகுதிக்கு வந்துடுச்சு. சென்னை தீவுத்திடல் பக்கத்துல சேணம் இல்லாத குதிரையில உக்காந்திருப்பாரே, அவரேதான்.

கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா நடுவுல ஜமீன்தார் இல்லைன்னா வரி குறையும்னு அர்த்தம் இல்ல, மழை பொய்ச்ச வருஷமும் தீர்வைய தாசில்தார் ஆளுங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு கேட்டாங்க. அதோட பட்டா யார் பேர்ல எழுதுனாங்கன்னு பாத்தா, ஊர்ல ஏற்கனவே நிலத்து மேல கை இருந்தவங்க பேர்லதான். அந்த நிலத்துல தலைமுறை தலைமுறையா சேத்துல இறங்கி வேலை செஞ்ச பண்ணையாள், பறையர், பள்ளர் குடும்பங்க பேர் ரிஜிஸ்டர்ல ஏறவே இல்ல. இன்னைக்கு யார்கிட்ட நிலம் இருக்கு, யார்கிட்ட இல்லங்கறதுக்கு அந்த ரிஜிஸ்டருக்கு பெரிய பங்கு இருக்கு. பாடப் புத்தகம் இதை ஒரு வரியோட தாண்டிடுது.

போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்த வாக்குமூலம் கோர்ட்டுல செல்லாதுன்னு சொல்றாங்களே, அது ஏன்?

இதுதான் எனக்குப் பிடிச்ச கேள்வி, ஏன்னா பதில் நம்ம ஊர்லதான் இருக்கு.

1854-ல மெட்ராஸ்ல வரி வசூலுக்காக ஜனங்களை சித்திரவதை பண்றாங்கன்னு லண்டன் பார்லிமென்ட் வரைக்கும் விஷயம் போச்சு. இங்க கஜுலு லட்சுமிநரசு செட்டி ஆரம்பிச்ச சென்னை சுதேசி சங்கமும் இதைப் பத்தி மனு மேல மனு போட்டுட்டு இருந்துச்சு. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன்னு மூணு பேரை வெச்சு ஒரு கமிஷன் போட்டாங்க, 1855-ல ரிப்போர்ட் வந்துச்சு. அதை படிச்சா வயித்தக் கலக்கும். கிட்டின்னு ஒரு கருவி, ரெண்டு கட்டைக்கு நடுவுல விரலையோ தொடையையோ வெச்சு நெருக்கறது. அண்ணாந்தாள்னு ஒண்ணு, கழுத்துல கயித்த மாட்டி கால் விரலோட சேத்து இழுத்துக் கட்டி குனிஞ்ச வாக்குல வெயில்ல நிக்க வெக்கறது, சில சமயம் முதுகுல கல்லும் ஏத்துவாங்க. இதெல்லாம் கொலைகாரனுக்கு இல்ல, தீர்வை பாக்கி வெச்ச விவசாயிக்கு. பண்ணது யாருன்னா தாசில்தாருக்குக் கீழ இருந்த நம்ம ஆளுங்களேதான். ஆனா அந்த ஏற்பாட்ட போட்டது யாரு? மேல சொன்னேனே, வரி வசூலும் போலீஸும் ஒரே கையில, அதோட பலன் இது. வெள்ளைக்கார அதிகாரிங்களுக்கு இது தெரியவே தெரியாதுன்னு ரிப்போர்ட்டு அவங்கள காப்பாத்தப் பாக்குது, நம்பறது உங்க இஷ்டம்.

அதுக்கப்புறம்தான் வருவாயையும் போலீஸையும் பிரிச்சு 1859-ல மெட்ராஸ் போலீஸ் சட்டம் வந்துச்சு, 1861-ல இந்தியா முழுக்க போலீஸ் சட்டம். 1872 சாட்சியச் சட்டத்துல 25-வது பிரிவு, போலீஸ்காரர்கிட்ட குடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரா நிரூபிக்கக்கூடாதுன்னு. தன்னோட போலீஸையே தான் நம்பலன்னு ஒரு அரசாங்கம் சட்டமா எழுதி வெச்ச இடம் இது. 2024-ல இருந்து அமல்ல இருக்கிற பாரதிய சாட்சிய அதிநியமத்துல இது 23-வது பிரிவு.

ஆனா ஒரு சந்து இருக்கு. பழைய 27-வது பிரிவுப்படி, கைதி சொன்னத வெச்சு ஒரு பொருள் கிடைச்சா அந்த அளவுக்கு மட்டும் அவன் சொன்னது செல்லும். அதனாலதான் எஃப்ஐஆர் கட்டு எதை எடுத்தாலும் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தானே முன்வந்து புதர்ல மறைச்சு வெச்ச கத்திய எடுத்துக் குடுத்ததாவும், விஏஓவும் அவர் உதவியாளரும் மகஜர்ல (பொருளைக் கைப்பத்துனதுக்கான எழுத்துல) சாட்சி கையெழுத்து போட்டதாவும் ஒரே மாதிரி எழுதி இருக்கும்.

ஐபிசிய (இந்திய தண்டனைச் சட்டத்தை) யார் எழுதுனது?

தாமஸ் மெக்காலே தலைமையில முதல் சட்டக் கமிஷன், வரைவு 1837-லயே ரெடி. 20 வருஷத்துக்கு மேல தூங்குச்சு. 1857 கலகம் வந்து உலுக்குன பிறகு 1860-ல நிறைவேத்தி 1862 ஜனவரி 1-ல இருந்து அமல். மொத்தம் 511 பிரிவு. உண்மையச் சொல்லணும்னா, எழுதுன விதத்துல அது கெட்டிக்காரத்தனமான சட்டம்தான், ஒவ்வொரு குற்றத்துக்கும் கீழ உதாரணம் குடுத்து படிச்ச எவனுக்கும் புரியற மாதிரி இருக்கும். 420-ங்கற நம்பர் நம்ம வாயில வசவாவே மாறுற அளவுக்கு அது ஊறிடுச்சு. 377-ல (ஒருபாலுறவு) ஒரு பகுதியையும் 497-ஐயும் (பிறன்மனை உறவு) செல்லாதுன்னு சொல்ல 2018-ல சுப்ரீம் கோர்ட்டு வர வேண்டியதா போச்சு, அது வேற கதை.

தேசத்துரோகச் சட்டம் எப்ப வந்துச்சு? வ.உ.சி மேல போட்டது அதுதானா?

அதேதான். 124-ஏ, 1870-ல சேத்தது. அரசாங்கத்து மேல வெறுப்பு வர்ற மாதிரி பேசுனாலே குத்தம். திலகர், காந்தி எல்லாரும் இதுல உள்ள போனவங்க.

வ.உ.சி கேஸ் கொஞ்சம் விரிவா தெரிஞ்சுக்க வேண்டியது. 1906-ல தூத்துக்குடில வெள்ளைக்கார கம்பெனிக்குப் போட்டியா சுதேசி கப்பல் கம்பெனி ஆரம்பிச்சார், 1908-ல கோரல் மில் தொழிலாளர் ஸ்ட்ரைக்குல முன்னாடி நின்னார், மார்ச்ல கைது. ஜூலைல திருநெல்வேலி செஷன்ஸ் ஜட்ஜ் பின்ஹே, ராஜதுரோகத்துக்கு ஒரு ஆயுள், சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையா இருந்ததுக்கு இன்னொரு ஆயுள்னு தீர்ப்பு எழுதுனார். அப்பீல்ல குறைஞ்சாலும் கோயம்புத்தூர் ஜெயில்ல மாடு இழுக்கற செக்க இழுக்க வெச்சாங்க. 1912 கடைசில வெளிய வந்தா கம்பெனியும் இல்ல, வக்கீலா வாதாட வேண்டிய சன்னதும் (உரிமம்) போச்சு. பல வருஷம் கழிச்சு அந்த சன்னதை திரும்ப வாங்கிக் குடுத்தது வாலஸ்ங்கற வெள்ளைக்கார ஜட்ஜ், அந்த நன்றிக்கு வ.உ.சி தன் பையனுக்கு வாலேசுவரன்னு பேர் வெச்சார். அதே சர்க்கார்ல பின்ஹேவும் இருந்தார் வாலஸும் இருந்தார்ங்கறதால சட்டம் நல்ல சட்டம் ஆயிடாது.

சுதந்திரத்துக்கு அப்புறமும் இந்தப் பிரிவு போகல. 1962-ல கேதார்நாத் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு, வன்முறைய தூண்டுனாத்தான் பொருந்தும்னு கை காலைக் கட்டி உயிரோட விட்டுச்சு. 2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டே இதை நிறுத்தி வெச்சுது. ஐபிசிக்குப் பதிலா 2024-ல வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல ராஜதுரோகம்ங்கற பேரு இல்ல, ஆனா நாட்டோட இறையாண்மை, ஒற்றுமைக்கு ஆபத்துன்னு 152-வது பிரிவு வந்திருக்கு. பழசுல ஆயுள் இல்லைன்னா 3 வருஷம் வரை, புதுசுல ஆயுள் இல்லைன்னா 7 வருஷம் வரை. நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

ரேகைச் சட்டம்னு பெரியவங்க சொல்றாங்களே, அது என்ன?

குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-ல வடக்க ஆரம்பிச்சு 1911-ல மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்துச்சு. ஒரு சாதில பொறந்தாலே குற்றவாளினு நோட்டீஸ் போட்டு, ஆம்பளைங்க எல்லார் கைரேகையும் எடுத்து, ராத்திரில போலீஸ் ஸ்டேஷன்லயோ சாவடிலயோ வந்து ஆஜர் குடுத்து படுக்கணும்னு வெச்ச சட்டம். வெளியூர் போகணும்னா சீட்டு வாங்கணும். பொண்ணு பாக்கப் போனாலும், சாவுக்குப் போனாலும். பிரமலைக் கள்ளர், குறவர்னு எத்தனையோ சமூகங்க இதுல மாட்டுச்சு.

1920 ஏப்ரல் 3, உசிலம்பட்டி பக்கத்துல பெருங்காமநல்லூர். ரேகை வெக்க மாட்டோம்னு ஊரே மறுத்தப்ப போலீஸ் சுட்டதுல 16 பேர் செத்தாங்க, அதுல மாயக்காள்னு ஒரு பொம்பளையும் உண்டு. அப்புறம் முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம்னு பலர் இதை எதிர்த்துப் பேசி, மெட்ராஸ்ல 1947-ல ரத்தாச்சு, இந்தியா முழுக்க 1952-ல. அதனாலதான் அந்த சமூகங்களுக்கு சீர்மரபினர்னு பேரு.

ரத்தான கையோட 1948-ல இங்க வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒண்ணு வந்துச்சு. சாதிக்குப் பதிலா தனி ஆளு, அது பெரிய மாற்றம்தான், மறுக்கல. ஆனா ஸ்டேஷன்ல ஹிஸ்டரி ஷீட்னு ஒண்ணு திறந்து, ஊர்ல எங்க திருடு போனாலும் முதல்ல அதே நாலு வீட்டுக் கதவ தட்டற பழக்கம் அந்தக் காலத்துல இருந்து வர்றது.

இந்து சட்டம், முஸ்லிம் சட்டம்னு தனித்தனியா இருக்கறதும் வெள்ளைக்காரன் வேலையா?

பெருமளவுக்கு ஆமா. 1772-ல ஹேஸ்டிங்ஸ் போட்ட திட்டம், கல்யாணம், சொத்து, வாரிசு விஷயத்துல இந்துவுக்கு சாஸ்திரம், முஸ்லிமுக்கு குர்ஆன்னு. கோர்ட்டுல பண்டிதரையும் மௌல்வியையும் வேலைக்கு வெச்சு கேட்டு தீர்ப்பு சொன்னாங்க, 1864 வரைக்கும் அந்தப் பதவி இருந்துச்சு.

சிக்கல் எங்கன்னா, நம்ம ஊர் மறவரோ வேளாளரோ மனுவையும் மிதாக்ஷராங்கற சமஸ்கிருத சட்ட உரையையும் பாத்தா சொத்து பிரிச்சாங்க? ஊர் வழக்கம்தான். ஆனா கோர்ட்டு சமஸ்கிருத புத்தகத்தையே சட்டம்னு எடுத்துக்கிச்சு. ஜே.எச். நெல்சன்னு மதுரைப் பக்கம் வேலை பாத்த வெள்ளைக்கார அதிகாரியே, தமிழ்நாட்டுச் சாதிகளுக்கு சம்பந்தமே இல்லாத சட்டத்தை ஹைகோர்ட்டு தலையில கட்டுதுன்னு 1870கள்ல சண்டை போட்டார். அவர் பேச்சு எடுபடல.

ஆனா ஒரு கேஸ் இருக்கு, சட்டக் கல்லூரில இன்னும் சொல்லித் தர்றாங்க. ராமநாதபுரம் சேதுபதி செத்ததுக்கு அப்புறம் ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் ஒரு பையனை தத்து எடுத்தாங்க. புருஷன் உயிரோட இருக்கப்ப அனுமதி குடுக்கல, அதனால தத்து செல்லாது, வாரிசு இல்லாத ஜமீன் சர்க்காருக்குன்னு மதுரை கலெக்டர் கிளம்பிட்டார். அப்ப கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. 1868-ல அங்க சொன்னது, புருஷன் பக்கத்து பங்காளிங்க சம்மதம் இருந்தா இந்தப் பக்கத்து வழக்கப்படி விதவை தத்து எடுக்கலாம், நிரூபிச்ச வழக்கம் எழுதி வெச்ச சாஸ்திரத்தை மிஞ்சும்னு. கலெக்டர் தோத்தார். ராணி பக்கத்துல பெரிய வக்கீல் வெச்சு லண்டன் வரை போக வசதி இருந்துச்சு, இல்லாத விதவைங்க கதை எந்த புத்தகத்துலயும் இல்ல.

கோயில் அரசாங்கத்து கையில இருக்கறது வெள்ளைக்காரன் சதின்னு ஒரு பார்வர்டு மெசேஜ் வருதே?

பாதி உண்மை, பாதி கதை. 1817-ல மெட்ராஸ் ரெகுலேஷன் போட்டு கோயில் சொத்த ரெவின்யூ போர்டு மேற்பார்வைக்கு கொண்டு வந்தது கம்பெனிதான், கலெக்டருங்களே திருவிழா ஏற்பாடு வரைக்கும் பாத்தாங்க. கிறிஸ்தவ அரசாங்கம் விக்கிரக ஆராதனைக்கு துணை போறதான்னு பாதிரியாருங்க இங்கிலாந்துல சத்தம் போட்டதுல மெதுவா கைய எடுத்து 1863-ல கமிட்டிகிட்ட விட்டுட்டாங்க. அந்தக் கமிட்டி காலத்துல சொத்து போன போக்கு சொல்லி மாளாது, அதை சரி பண்ணணும்னு கேட்டதே நம்ம ஆளுங்க. 1925-ல நீதிக்கட்சி ஆட்சில பனகல் ராஜா முதல் மந்திரியா இருந்தப்ப சட்டம் வந்துச்சு, இந்தியர்கள் ஓட்டு வாங்கி உக்காந்த சட்டசபை போட்ட சட்டம் அது. 1951, 1959-னு மாறி இன்னைக்கு இருக்கிற அறநிலையத்துறை.

கவர்னர் பதவியும் அந்தக் காலத்து மிச்சம்தானா?

ஆமா, ஆளும் மாளிகையும் ரெண்டுமே. நம்ம அரசியலமைப்புல நிறைய பகுதி 1935 இந்திய அரசுச் சட்டத்துல இருந்து எடுத்தது, 321 பிரிவு உள்ள மகா பெரிய சட்டம் அது. அங்க இருந்து எடுத்ததுக்கு வெக்கப்பட ஒண்ணுமில்லன்னு அம்பேத்கரே அரசியல் நிர்ணய சபையில பேசியிருக்கார்.

அந்த சட்டத்து 93-வது பிரிவுப்படி மாகாண ஆட்சி நடத்த முடியலைன்னா கவர்னரே எல்லாத்தையும் எடுத்துக்கலாம். 1939-ல யுத்தத்துக்கு எங்களைக் கேக்காம இந்தியாவை இழுத்துட்டீங்கன்னு ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா பண்ணப்ப மெட்ராஸ்ல நடந்தது அதுதான், 1946 வரைக்கும் கவர்னர் ஆட்சி. அதுவே நம்ம அரசியலமைப்புல மாநில ஆட்சிய கலைக்கற 356-வது பிரிவு ஆச்சு. 1976-ல கலைஞர் ஆட்சி, 1980-ல எம்ஜிஆர் ஆட்சி, 1991-ல மறுபடி கலைஞர் ஆட்சி எல்லாம் இதுல கலைச்சதுதான். 1994-ல எஸ்.ஆர். பொம்மைங்கற கர்நாடக முன்னாள் முதல்வர் வழக்குத் தீர்ப்பு வந்த பிறகுதான் இந்த டிஸ்மிஸ் வியாதி குறைஞ்சுது. ஆட்டுக்குத் தாடியும் நாட்டுக்கு கவர்னரும் எதுக்குன்னு அண்ணா கேட்டது சும்மா எதுகைக்காக இல்ல. இப்ப மசோதாவ கையெழுத்துப் போடாம வெச்சுக்கற சண்டை சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனது எல்லாருக்கும் தெரியும்.

அப்ப ஓட்டு, தேர்தல் எல்லாம் அவன் குடுத்ததுதானே?

தேர்தல்ங்கற நடைமுறைய அவன் கொண்டு வந்தான், ஓட்ட எல்லாருக்கும் குடுக்கல. சொத்து, வரி, படிப்பு பாத்து குடுத்தான். 1909-ல முஸ்லிம்களுக்கு தனித்தொகுதி, 1919-ல இரட்டை ஆட்சி (கல்வி, சுகாதாரம் இந்திய மந்திரிக்கு, பணமும் போலீஸும் கவர்னருக்கு, என்ன தாராள மனசு). 1935 சட்டத்துல கூட மொத்தமா 3 கோடி பேருக்குத்தான் ஓட்டு. மெட்ராஸ் 1921-லயே பெண்களுக்கு ஓட்டுரிமைல இருந்த தடைய நீக்குச்சு, அதுவும் சொத்து இருக்கிற பெண்களுக்கு. 1951-52 பொதுத்தேர்தல்ல 17 கோடிக்கு மேல வாக்காளர்கள், 21 வயசு ஆனா போதும், படிப்பு, சொத்து ஒண்ணும் கேக்கல. இதை எந்த வெள்ளைக்காரனும் குடுக்கல.

1947-ல எல்லாத்தையும் ஏன் தூக்கி எறியல?

எறிஞ்சிருந்தா மறுநாள் காலையில கொலைக்கு என்ன தண்டனை, நிலம் யாருதுன்னு சொல்ல சட்டமே இருந்திருக்காது. பிரிவினை ரத்தம் ஓடிட்டு இருந்த நேரம். அதனால அரசியலமைப்பு 372-வது பிரிவுல பழைய சட்டம் எல்லாம் மாத்தற வரைக்கும் தொடரும்னு எழுதுனாங்க. 13-வது பிரிவுல, அடிப்படை உரிமைக்கு முரணா இருந்தா அந்த அளவுக்கு செல்லாதுன்னு ஒரு கத்தியும் வெச்சாங்க. வெள்ளைக்காரன் காலத்து உயர் அதிகாரிங்க பணியான ஐசிஎஸ்ஸ கலைக்கணும்னு காங்கிரஸ்லயே பலர் கேட்டப்ப படேல் விடல, அதுதான் ஐஏஎஸ்ஸா மாறுச்சு. அவசரத்துக்கு வெச்சது, வசதியா இருந்ததால அப்படியே நின்னுடுச்சு, ஆளுங்கட்சி எதுவா இருந்தாலும் 144-ம் தேசத்துரோகமும் கையில இருந்தா நல்லாத்தானே இருக்கும்.

2024 ஜூலை 1-ல மூணு புது சட்டம் வந்துச்சே, காலனி காலம் முடிஞ்சுதா?

நம்பர் முடிஞ்சுது. கொலைக்கான 302 இப்ப 103, மோசடிக்கான 420 இப்ப 318. ஐபிசியோட 511 பிரிவு 358 ஆச்சு. சின்ன குத்தத்துக்கு சமூக சேவை தண்டனை, தேடுதலை வீடியோ எடுக்கணும்னு சில புது விஷயம் உண்மையிலயே இருக்கு. மத்தபடி குற்றங்களோட விளக்கம் எடுத்துப் பாத்தா மெக்காலே வாக்கியம் வாக்கியமா உள்ள உக்காந்திருக்கார். ஒப்பந்தச் சட்டம் 1872, சொத்து மாற்றுச் சட்டம் 1882, தமிழ்நாடு வனச்சட்டம் 1882, சென்னை மாநகரக் காவல் சட்டம் 1888, அலுவல் ரகசியச் சட்டம் 1923 எதையும் அந்த மூணும் தொடவே இல்ல.

கடைசியா ஒண்ணு. இதெல்லாம் எனக்கு எதுக்கு, நான் ஒரு பிளாட் வாங்கப் போறேன், அவ்ளோதான்.

அப்ப உங்களுக்குத்தான் முதல்ல தேவை. 1882 சொத்து மாற்றுச் சட்டத்து 54-வது பிரிவுல 100 ரூபாயோ அதுக்கு மேலயோ மதிப்புள்ள நிலத்த வித்தா பத்திரம் பதிவு பண்ணியே ஆகணும்னு இருக்கு, அந்த 100 ரூபாய் இன்னும் அப்படியே 100 ரூபாயாவே இருக்கு. 1908 பதிவுச் சட்டப்படி பத்திரம் பதிவாறது சார்பதிவாளர் ஆபீஸ்ல, அங்க பதிவு ஆயிடுச்சுங்கறதால மட்டும் வித்தவன் நிஜ ஓனர்னு அரசாங்கம் உங்களுக்கு கேரண்டி குடுக்கல. பட்டா தாலுகா ஆபீஸ்ல, அது தீர்வை யார் கட்டணும்னு எழுதுன ரிஜிஸ்டர்ல இருந்து வந்த காகிதம், கோர்ட்டுல பட்டா மட்டும் உரிமைக்கு முழு ஆதாரம் இல்ல. பத்திரத்துல ஒரு பேரும் பட்டாவுல இன்னொரு பேரும் நிக்கிற சங்கதி நம்ம ஊர்ல சர்வ சாதாரணம், யுடிஆர்ல (பழைய நிலப் பதிவேடுகளைப் புதுப்பிச்ச திட்டத்துல) ஏறுன தப்புன்னு சொல்லிட்டு இன்னும் எத்தனையோ பேர் ஜமாபந்தில மனுவோட நிக்கறாங்க. அதனால 30 வருஷத்துக்காவது வில்லங்கம் போட்டுப் பாருங்க, மூலப்பத்திரம் ஒரிஜினல கேளுங்க, பட்டாவுல சர்வே நம்பரும் உட்பிரிவும் சரியா இருக்கான்னு எஃப்எம்பி (புல அளவு) வரைபடத்தோட ஒப்பிட்டு பாருங்க, அதுக்கப்புறம் அட்வான்ஸ் குடுங்க.